யாக்கோப்பர் பூநாரை கண்ட படலம்

பரந்தன் சந்தியின் நிமிர்ந்த கொடிமரமே, வண்டிச் சில்லுக்கு ரயர் விற்கும் கடைகளின் கோமகனே, எழுபதை நெருங்கியும் கதிரையின் சாய்வில் முதுகு படாத பெருந்தகையே, யாக்கோப்பரே, வாழி. உமது செந்நிறம் மங்கிய மோட்டார் சைக்கிளும், அதன் உறுமலும், அது வன்னித் தெருவெங்கும் கக்கிய கரும்புகையும் வாழி. நீர் ஒருவராய், துணையற்றவராய், கொக்கிளாய்ப் பறவைகள் சரணாலயத்தை நோக்கிப் படையெடுத்த பெருங்கதையைச் சொல்லப் புகுகிறோம். இடையிலே இருமக்கூடியோர் இப்போதே இருமிக்கொள்க.

போருக்கு வித்து, இறைச்சி அடைத்துப் பொரித்த ஒரு றோல்ஸ். பேரனின் ஞானஸ்நான விருந்தில், மகளின் மாமனாராகிய சவிரிமுத்தர் அதைப் பாதி கடித்து, மீதியை ஈட்டிபோல் நீட்டிச் சபை நடுவே உரைத்தார்:

"உங்கட ஆக்கள் பல்லுப் பிடுங்கப் போறதெண்டாலும் வான் வண்டி பிடிச்சுத்தானே போறவை, சம்பந்தி. தனிய ஒரு இடம் போய்வந்த ஆள் உங்கட பரம்பரையில ஆரும் இருக்கினமோ?"

சபை சிரித்தது. குழந்தையை ஏந்தி நின்ற ஞானத்தாயும் சிரித்தாள். சொன்னது உண்மை என்பதுதான் கொடுமை. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு பஸ்ஸையே நிரப்பிப் போகும் குலம் அது. ஒருவருக்குப் பல் வலித்தால் வைத்தியசாலை வாங்கில்கள் அத்தனையிலும் உறவு அமர்ந்திருக்கும். தனியே பயணம் போகிறவன் வீட்டில் சண்டை பிடித்தவன் என்பதே அவர்கள் அறிந்த உலக நியதி. ஆயினும் குலமானம் கொதித்தெழ, யாக்கோப்பரும் எழுந்தார். எழுந்து, கேக் வெட்டும் கத்தி மேசையிலே அதிரச் சூளுரைத்தார்:

"வாற சனி கொக்கிளாய்க்குப் போறன். தன்னந்தனிய. பூநாரைக்கு முன்னால நிண்டு படம் அனுப்புவன். ஏலாமப் போனா, இனி எந்த விசேஷத்திலயும் முதல் கதை உங்கட. நான் பிறகுதான் வாய் திறப்பன்."

சபை அடங்கியது. இருவீட்டு விசேஷங்களிலும் முதல் வார்த்தை யாக்கோப்பருடையது. அவர் செருமாமல் எவரும் சோற்றில் கை வைத்ததில்லை. அந்த உரிமையை, அந்தோ, ஒரு பறவையின் காலடியிலே பணயம் வைத்தார்.

சனி விடிந்தது. தலைக்கவசத்தை மணிமுடியெனச் சூடி, மனைவி நீட்டிய தண்ணீர்ப் போத்தலைத் துணையென்று கருதி மறுத்து, போத்தல் ஆளாகாது என்று தமக்குத்தாமே தீர்ப்பளித்துப் பின் ஏற்று, விசுவமடுவைக் கடந்து, புதுக்குடியிருப்பைக் கடந்து, நடுத்தெருவிலே மாடுகள் பேரவை கூட்டியிருந்த இடங்களிலெல்லாம் ஹோர்ன் என்னும் வெண்சங்கை ஊதி வழிபெற்று, கடற்காற்று எதிர்கொண்டு வாழ்த்த, முல்லைத்தீவு நகரின் வாயிலிலே புகுந்தார் வீரர். அங்கே அவரை மறித்தது அன்பு. புடவைக்கடை மஸாஹிர், நெடுநாட் சிநேகிதர், கடைவாசலில் நின்று கை காட்டினார்.

"என்ன அண்ணன், தனியவா? வீட்டில ஏதும் பிரச்சினையா?"

"ஒரு பிரச்சினையுமில்லை. குருவி பாக்கப் போறன்."

இந்த வயதிலே, பக்கத்தில் ஒருவருமின்றி, குருவி பார்க்கப் போகிற மனிதனின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை மஸாஹிரின் இளகிய நெஞ்சு நொடியில் ஊகித்தது. வண்டி மறைந்ததும், நல்லெண்ணத்தின் உந்துதலால், அளம்பிலில் வாழும் யாக்கோப்பரின் தங்கை அற்புதத்துக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று.

ஆகவே அளம்பிலிலே, தன் வீட்டுக்கு முன்னே, தெருவின் நடுவே, ஒரு கையை உயர்த்தி, மறு கையில் புட்டுப் பெட்டியை ஏந்தி, அற்புதம் நின்றாள். வீரர் பிரேக்கை மிதித்தார். அவர் தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்துமுன், அவள் பின்சீற்றிலே ஒருக்களித்து ஏறியிருந்தாள்.

"இறங்கு பிள்ளை. நான் தனியப் போறன்."

"தனியப் போனா ஊர் என்ன கதைக்கும் அண்ணை? பெத்த பிள்ளையள் துரத்திவிட்டுட்டுதுகள் எண்டு கதைக்கும். எங்கட குடும்பத்துக்கு அது தேவையோ?"

"சவிரிமுத்தரிட்டச் சொல்லிப்போட்டன்."

"அந்தாள் கிடக்கட்டும். எடுங்கோ, வெயில் ஏறுது."

ஐயகோ, ஒரே குலத்தின் இரு மானங்கள் ஒரே இருக்கையிலே மோதின. தனியே போகாவிடில் தமையனுக்கு இழுக்கு. தனியே போகவிட்டால் தங்கைக்கு இழுக்கு. அவர் வண்டியை இடப்புறம் சாய்த்தார். அவள் வலப்புறம் சாய்ந்தாள். அவர் வலப்புறம் குலுக்கினார். அவள் கல்லில் ஒட்டிய சிப்பியென இருந்தாள். அவர் மௌனம் என்னும் பேராயுதத்தைத் தொடுத்தார். அவள் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சுகம் விசாரித்து அதை முறித்தாள். வெயில் ஏறியது. வெயில் முற்றினால் பூநாரைகள் ஆழ்நீருக்கு நகர்ந்துவிடும் என்பதை அறிந்த வீரர், வாழ்நாளில் பொய்யுரையாத தம் நாவை, கண்களை மூடிக்கொண்டு, களங்கப்படுத்தினார்:

"அங்க பார், ஆடு உன்ர முருங்கைக் கண்டைத் தின்னுது."

அற்புதம் குதித்தாள். மோட்டார் சைக்கிள் முழங்கியது. குற்றஞ்சாட்டப்பட்ட ஆடோ, முருங்கைக்கு வெகு தொலைவில், நிழலிலே கண் மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நாயாற்றுப் பாலம் பின்னே ஓடிற்று. பனைகள் பின்னே ஓடின. கொக்கிளாய்க் கடனீரேரியின் கரையிலே, ஒருவராய், உண்மையாகவே ஒருவராய், யாக்கோப்பர் இறங்கினார். எதிரே, நெஞ்சே, விடிகாலை வானத்தின் மிச்சத்தை உப்புநீரின்மேல் எவரோ கொட்டிவிட்டதுபோல், பூநாரைகள் நின்றன. அவற்றின் அழகை வீரர் பார்க்கவில்லை. அவர் தம் கையின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை நீட்டிப் பிடித்தார்: படத்தில் நெற்றி மட்டும். உயர்த்திப் பிடித்தார்: வானமும் ஒரு புருவமும். முழங்காலிட்டுப் பிடித்தார்: பூநாரைகள் எல்லாம் வந்தன, அவரிலிருந்து ஒரு காது மட்டும் வந்தது. போனைக் கல்லில் சாய்த்துவைத்தார். அது பின்புறமாய்ச் சேற்றிலே சாய்ந்தது. பூநாரைகள் ஒவ்வோர் அடியாய் விலகத் தொடங்கின. நிமிர்ந்த முதுகிலே முதன்முறையாக ஒரு வளைவு தோன்றியது.

அப்போது மீன் லொறியொன்று வந்து நின்றது. அதன் முன்சீற்றிலிருந்து, பெட்டியும் தானுமாய், அற்புதம் இறங்கினாள்.

"ஆடு படுத்திருந்தது, அண்ணை."

அவர் போனில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார்.

"போனைத் தாங்கோ. இஞ்சால தள்ளி நில்லுங்கோ. வயித்தை எக்குங்கோ. சிரிச்சாலென்ன?"

அவர் சிரிக்கவில்லை, ஆனால் எக்கினார். தலைமுதல் கால்வரை ஒரு முழு மனிதர், மார்பு விரிந்து, இரு கைகளும் இடுப்பிலே ஊன்றியிருக்க, பின்னே இளஞ்சிவப்புப் படையணி அணிவகுக்க, விரல் மறைக்காமல், ஆடாமல், படம் அமைந்தது. தரணியை வென்றவர்போல் பெருமூச்செறிந்து, பெருவிரலால் 'தனிய வந்தாச்சு' என்னும் வெற்றிமுழக்கத்தைப் பொறித்து, மூன்று தலைமுறைகள் கூடியிருக்கும் குடும்பத்து வாட்ஸ்அப் சபையிலே அப்படத்தை ஏற்றினார் யாக்கோப்பர். கடல் ஆர்ப்பரித்தது, காற்று கட்டியம் கூறியது, பூநாரைகள் திரண்டெழுந்து வானைச் சிவப்பாக்கின, குலத்தின் மானம் அவற்றுக்கும் மேலே பறந்தது. அவ்வேளையில் சவிரிமுத்தரிடமிருந்து பதில் வந்தது.

"படம் எடுத்தது ஆர்?"