நான் ஆயுத பூஜை செய்த சேர்வர் அறை

எனக்குக் கூச்சம் அதிகம். இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவும் வாய் வராது. வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய்த் திரும்பி நடப்பேன். அப்படிப்பட்ட நான், வாயையே திறக்காமல் ஒரு கம்பெனியையே விளக்கை அணைக்கிற மாதிரி முழுசாக அணைத்திருக்கிறேன்.

கண்டி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அங்கே தர்சினி மிஸ் புதிதாகச் சேர்ந்திருந்தார். என்னைப் போலவே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கலஹாப் பக்கம். புது சேர்வர் அறைக்குத் திட்டம் போட்டது அவர்தான். ஒரு நாள் எனக்கும் விளக்கினார்.

"நம்ம தோட்டத்து லயம் மாதிரிதான் பாக்கியம்மா. ஒரே கூரைக்குக் கீழ இருபது காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம் இருக்கில்ல? அதுமாதிரி இந்த ஒரு மெஷினுக்குள்ள இருபது கம்ப்யூட்டர் குடியிருக்கு. கூரை போனா இருபது குடும்பமும் நனையும். அதனாலதான் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வச்சிருக்கேன்."

மெஷின் இரண்டு. கணக்கு வழக்கெல்லாம் சேமிக்கிற பெட்டி இரண்டு. இவற்றைக் கோர்க்கிற சுவிட்ச் இரண்டு (பெயர்தான் சுவிட்ச், தட்டினால் லைட் எரியாது). ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்ட் வயர்: சிவப்பு இடப்பக்கச் சுவருக்கு, நீலம் வலப்பக்கச் சுவருக்கு. ஒரு சுவர் செத்தாலும் மற்றது தாங்கும்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐயா இதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் ஆஸ்பத்திரி வேலை கம்பெனிக்கு, நிரந்தர வேலை மிஸ்ஸுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்று காலை ஆயுத பூஜை. (முதலாளி கெலிஓயா ஊர் முஸ்லிம். பூஜைக்கு வாழைப்பழம் வாங்கித் தருவது அவர்தான்.)

மிஸ்ஸுக்கு நல்லது நடக்கட்டும் என்று, அவர் வருவதற்குள் நானே போய் எல்லாப் பெட்டிக்கும் பொட்டு வைத்தேன். சரஸ்வதி படம் வைக்க வலப்பக்கச் சுவர்தான் வசதி. ஆனால் நீல வயர்கள் சேலை காயப்போட்ட கொடி மாதிரி குறுக்கே கிடந்தன. இடப்பக்கப் பிளக் பலகையிலோ ஆறேழு ஓட்டை சும்மா இருந்தது.

பயந்து பயந்து ஒரு நீல வயரைக் கழற்றினேன். பெட்டி கீச்சென்றது. இடப்பக்கம் செருகினேன், அடங்கியது. ஒன்றும் அணையவில்லை! தைரியம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றி, சிவப்பும் நீலமும் சேர்த்துப் பின்னல் போட்டு ரிப்பனும் கட்டினேன். வலப்பக்கத்தில் கலர் பல்ப் மாலையை மட்டும் செருகினேன். எவ்வளவு துப்புரவு! என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஐயா வந்ததும் மிஸ் சிரித்த முகத்தோடு சொன்னார். "இப்ப இடப்பக்கக் கரண்டை நிப்பாட்டுறேன். ஒண்ணும் ஆகாது, பாருங்க."

நிறுத்தினார்.

எல்லாம் செத்தது. மெஷினின் இரைச்சல்கூட இல்லை. சரஸ்வதி படம் மட்டும் சிவப்பு, பச்சை, மஞ்சளாக மின்னி மின்னி எரிந்தது. அந்த பல்ப் மாலைக்குப் பாட்டு வேறு உண்டு.

"என்ன மகள் இது?" முதலாளி கேட்டார். "இதா ஒங்கட ரெண்டு ரெண்டு?"

தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்ற எனக்கு ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பிள்ளையின் வேலை போகப் போகிறதே.

"நான்தாங்க..." என்றேன். கப்புகள் என்னைவிடச் சத்தமாகப் பேசின. "சாமி படம் வைக்க... வயரை எல்லாம்... அந்தப் பக்கம்..."

மிஸ் குனிந்து என் பின்னலைப் பார்த்தார். இதோடு என் சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன்.

"பாக்கியம்மா மேல தப்பில்ல சார்," என்றார். "ஒரு ஆள் கையால ரெண்டு பக்கமும் ஒரே பக்கமாகுதுன்னா, அது என் பிளான்ல உள்ள ஓட்டை. மெஷின் கூப்பாடு போட்டு எனக்குச் சொல்லியிருக்கணும். அப்படி நான் செய்யல."

ஆஸ்பத்திரி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். சிரிப்பை அடக்க முடியாமல், "எங்கட ஆஸ்பத்திரியிலயும் கூட்டித் துடைக்கிற அம்மா இருக்கிறா, பிள்ளை. அவ கை வச்சாலும் நிக்காத மாதிரிச் செய்து தாங்கோ, அதுவே காணும்," என்றார்.

அந்த வாரமே வலப்பக்க வயர்களுக்குப் பூட்டு வந்தது. யாராவது கழற்றினால் மிஸ்ஸின் போனில் மணி அடிக்கவும் ஏற்பாடானது. மிஸ் நிரந்தரமானார். ஒரு வார்த்தையில் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. அந்த நன்றியை இன்றுவரை நேரில் சொன்னதில்லை. அவருக்கு மட்டும் தேத்தண்ணீரில் இஞ்சி கூடுதலாகத் தட்டிப் போடுகிறேன்.

இப்போது புது சேர்வர் அறை எது முடிந்தாலும், ஒப்படைக்கும் முன் என்னைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். "பாக்கியம் டெஸ்ட்" என்று பெயர். கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு போய் இஷ்டப்படி ஒதுக்கி, அடுக்கி, துடைத்துவிட்டு வருவேன். ஒன்றும் அணையாவிட்டால் அறை பாஸ்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. எங்கள் ஊர் குண்டசாலை முழுக்கக் கரண்ட் போனாலும் என் மருமகன் இருட்டில் கேட்கிறார்: "அத்தை, இன்னைக்கு எந்தச் சாமிக்குப் பல்ப் போட்டீங்க?"