விளக்குப் பிடித்தவர்

"படம் எப்படி மாப்பிள்ளை?" என்று மாமனார் போனில் கேட்டபோது, கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் புது பிரேமை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் மாமா! அதுலயும் நீங்க... சொல்ல வார்த்தையே இல்ல."

வார்த்தை இல்லாததற்குக் காரணம், அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. டிக்கெட் எடுத்தார், மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் இருந்தார். ஆனால் ரத்தத்தைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். படமோ இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நகரத்தைக் கொலைகாரக் கும்பல் ஆட்டிப்படைத்த கதை. முதல் நிமிஷத்தில் ஒருவன் கழுத்தில் கத்தி இறங்கியது. கூடவே இவருடைய இமைகளும் இறங்கின. ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிறவர், தியேட்டரில் விளக்குப் போடும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். போன வருஷம் அந்தப் படத்தில் கூட்டத்தில் ஒருவராக நடித்துவிட்டு, தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இவருக்குக் கால் முறிந்திருந்தபோது இரண்டு மாதம், தினமும் காலையில் இவரை முதுகில் சுமந்து மூன்று மாடி இறங்கியவர் அந்த மாமனார்.

போனில் மாமனாரின் குரல் தணிந்து வந்தது. "என்னைப் பாத்தீங்களா?"

"பாக்காம? கத்திக்குத்து வாங்கி விழுந்தீங்களே, அடடா!"

"நான் விழலியே. விளக்கு பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அதைத்தான் மாமா சொல்றேன். சுத்தி எல்லாரும் விழறாங்க, நீங்க மட்டும் விழல பாருங்க!"

மறுநாள் சாயங்காலம் மாமனார் கடைக்கே வந்துவிட்டார். கூட மாமியார், அவர்கள் தெருத் தையல்காரர், மருந்துக்கடைக்காரர். நண்பர்கள் இருவரும் படம் பார்த்தவர்கள்.

"அந்தக் காலத்துச் சட்டையில மிஷின் தையல் போட்டிருக்கான், சகிக்கல" என்றார் தையல்காரர்.

"ரத்தம் அதைவிட மோசம். நிஜ ரத்தம்னா கொஞ்ச நேரத்துல கறுத்துடும். ஆனா அந்தப் பழைய ஊரை அப்படியே கண்ணு முன்னாடி நிறுத்திட்டான், இல்லேங்கல" என்றார் மருந்துக்கடைக்காரர். "இவரைத்தான் நாங்க பாக்கல. ஒரே கூட்டம், இருட்டு வேற."

"எங்க மாப்பிள்ளை பாத்தாரு. சொல்லுங்க மாப்பிள்ளை" என்று மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு சந்து. மழை பெய்யுது..."

"படத்துல மழையே கிடையாதே?" என்றார் தையல்காரர்.

"விட்டுடுச்சு. அதான் தரையெல்லாம் ஈரம்."

"அது ரத்தம்யா!"

"மாமா விளக்கைத் தூக்கறாரு. அந்த வெளிச்சத்துலதான் கும்பல் தலைவனோட முகமே தெரியுது."

"தலைவன் முகத்தைக் கடைசி வரைக்கும் காட்டவே இல்லையே!"

"நமக்குக் காட்டல. மாமா பாத்துட்டாரு. பாத்தும் கை நடுங்கல." இனித் திரும்ப வழியில்லை. மாமனாரின் முகத்தைப் பார்த்தார். வார்த்தைகள் தானாக வந்தன. "எல்லாரும் ஓடறாங்க. கீழே கிடக்கிறவனுக்கு வழி தெரியணுமேன்னு இவர் மட்டும் நிக்கறாரு. இவர் இருக்காருங்கற தைரியத்துல அவன் எந்திரிக்கறான். அரை நிமிஷம்தான் வருவாரு. ஆனா அந்த மாதிரி ஒரு ஆள் நமக்கு வாய்ச்சா, அதுவே பெரிய கொடுப்பினைன்னு தோணுச்சு."

மாமனார் தெருப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

"அப்போ இன்னொரு தடவை பாத்துட வேண்டியதுதான்" என்றார் தையல்காரர்.

"வேண்டாம்யா! அவ்வளவு ரத்தத்தை யாரு ரெண்டு தடவை பாக்கறது?" மாமனார் அவசரமாக இருவரையும் தள்ளிக்கொண்டு படி இறங்கினார். போகிறபோது மருமகனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நடையில் பத்து வயது குறைந்திருந்தது.

மாமியார் மட்டும் பையை எடுக்கத் தங்கினார். கண்ணாடிக் கடைக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அத்தை, மன்னிச்சுடுங்க. நான் மாமாவைப் பாக்கவே இல்ல. சொன்னதெல்லாம் பொய்."

மாமியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"தெரியும் மாப்பிள்ளை, அவருக்கும் தெரியும், அவர் வர்ற காட்சியை வெட்டிட்டோம்னு போன மாசமே படக்காரங்க போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."