மாடியில் ஒரு பிரிண்டர்

பிரிண்டர் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. சீனுவாசனுக்கு அதுதான் தலைவலி.

திண்டிவனத்து வீட்டில் அவர் கீழே. மகனும் மருமகள் கலைமதியும் மாடியில். விடிந்தால் மகன் விழுப்புரத்து ஆபீசுக்குப் பஸ் ஏறிவிடுவான். கலைமதிக்கு வீட்டிலிருந்தே வேலை. பிரிண்டர் அவள் மேஜையில்.

மல்லாட்டை மண்டியை மூடி மூன்று வருஷமாகியும், அன்றைய கடலை விலைப் பட்டியலை அச்செடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பென்டிரைவோடு படியேறுவார். ஒரு தாளுக்கு ஒரு காபி, அரைமணி நேரப் பேச்சு. மனைவி போனபிறகு, டிவி தவிர அவரிடம் பேசுகிற குரல் அது ஒன்றுதான். வியாபாரம் மோசமில்லை.

"முட்டி வலியோட எதுக்குப்பா ஏறிக்கினு?" என்று மகன் விழுப்புரத்திலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் தென்னரசுவை அனுப்பிவைத்தான்.

"சார், உங்களுது விண்டோஸ். மேல அக்காவுது லினக்ஸ். ரெண்டும் ஒத்துக்காது. நான் பேச வெச்சுடறேன்."

"ஒத்துக்கலன்னா உட்டுடேம்ப்பா. பாவம், அதுங்கள ஏன் கட்டாயப்படுத்தணும்?"

தென்னரசு விடவில்லை. மறுநாள் கீழே தட்டியதும் மேலே தாள் வந்தது. கலைமதி அதைக் கயிற்றுக்கூடையில் வைத்து இறக்கினாள். கூடையில் தாள் இருந்தது. காபி இல்லை.

நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் செட்டிங்கில் ஒரு டிக்கை எடுத்துவிட்டார். தாள் போகவில்லை; அவர் போனார். காபி கிடைத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தென்னரசு மறுபடி வந்து நின்றான்.

"டிக்கு எப்படி சார் போச்சு?"

"எலி கடிச்சிருக்கும்."

"டிக்கையா?"

அதற்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போனான். கூடை மறுபடி இறங்கியது. சீனுவாசன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு, அகப்பட்ட நெட் ஒயரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்தார்.

"வந்துச்சாம்மா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"வரலியே மாமா! நீங்களே மேல வாங்க."

பத்து நாள் ராஜவாழ்க்கை. காபியோடு முறுக்கும் சேர்ந்துகொண்டது.

மகனுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் முறை வந்த தென்னரசு, மாடியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை விட்டான்.

"ஒயரு எங்க சார்?"

சீனுவாசன் கதவைச் சாத்தினார். மண்டிக் குரல் திரும்பியது.

"தம்பி, ஜல்தியா சரிபண்ணாத. மூணு மாசம் இப்படியே ஓடட்டும்."

"அய்யோ, சார்..."

"சரி, ரெண்டு."

அவன் தலையைச் சொறிந்தான்.

"ஒரே மாசம்ப்பா. இதுக்குக் கீழ கட்டுப்படி ஆகாது. நாள் பூரா செவுத்தயே பார்த்துக்கினு குந்தியிருக்கேன்."

தென்னரசு டூல்ஸ் பையை மூடினான்.

"அந்த ஒயருக்கு இப்ப வேலையே இல்ல சார், போன தடவையே வைஃபைக்கு மாத்திட்டேன். நீங்க அனுப்புன பத்து தாளும் மேல பத்திரமா வந்து அக்கா பீரோல கெடக்குது. அக்காவும் சரிபண்ணாதன்னுதான் சொன்னாங்க, ஆனா அவங்க ஒரு வருஷம் கேட்டாங்க."