அம்மா வியாழக்கிழமை வர இயலாதது குறித்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் வீட்டுச் சுவர்களும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருப்பவரும் நலமாக இருக்க வேண்டும்.

மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, நம் வீட்டுக் காப்பியில் ஆளுக்கு ஒன்றரைக் கரண்டி சர்க்கரை என்று இன்று, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு முடிவாகியிருக்கிறது. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. முடிவெடுத்தவர்கள் நான், நெட்டையர், கண்ணாடிக்காரர். பின்னவர்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சிகளின் செயலாளர்கள். தேர்தல் முடிவு வந்த அன்று உன் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் பேசி முடித்துவிடுவாரோ என்று இருவருமே இன்றுவரை எழுந்து போகவில்லை. முப்பது வருடம் நிலம் அளந்தவன் என்ற முறையில் கூடத்தை அளந்து, சன்னல் பக்கம் நெட்டையருக்கும் மின்விசிறிப் பக்கம் கண்ணாடிக்காரருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் போனை இரண்டு பக்கமும் ஒட்டுக்கேட்பதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. ஆனால் கால் வீங்கியிருக்கிறது என்று போன வாரம் நீ சொன்ன மறுநாள், இரண்டு கட்சிகளிலிருந்தும் வாசலில் தைலப் புட்டிகள் வந்து இறங்கின.

நடந்ததைச் சொல்கிறேன். உன் அம்மா ஒரு கட்சியிலும் இல்லாதவள், முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து, மின்சாரம் போகும்போதெல்லாம் டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு பிரசவம் பார்த்து அலுத்துப்போய், ஓய்வு பெற்ற கையோடு ஒரு ஜெனரேட்டருக்காகத் தேர்தலில் நின்றாள், அவள் கையில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டதை எந்தக் கட்சியும் கவனிக்கவில்லை, ஜெயித்துவிட்டாள், அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அந்தப் பக்கம் ஐம்பத்தெட்டு, இந்தப் பக்கம் ஐம்பத்தெட்டு, நடுவில் உன் அம்மா ஒருத்தி என்று ஆகிவிட்டது. நெட்டையரின் தலைவர் வந்து சுகாதார அமைச்சர் பதவி தருகிறேன் என்றார், கண்ணாடிக்காரரின் தலைவர் வந்து எந்தப் பதவி வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றார், அம்மா இருவரிடமும் ஜெனரேட்டர் எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள், முன்னவர் ஒரு தேதி சொன்னார், பின்னவர் குழு அமைப்பதாகச் சொன்னார், ஆகவே திங்கட்கிழமை நெட்டையர் பக்கத்துக் கூட்டணிக்கு ஆதரவுக் கடிதம் போனது, மாலையில் பதவியேற்பு, இரவுக்குள் அம்மாவை மற்ற உறுப்பினர்களோடு ஒரு விடுதியில் வைத்துவிட்டார்கள். "பத்திரமா இருக்காங்க சார்," என்கிறார் நெட்டையர், நகையைப் பற்றிச் சொல்வது போல.

சொல்ல வந்ததை இதுவரை தள்ளிப்போட்டுவிட்டேன். சபையில் கூட்டணி தன் பலத்தை நிரூபிக்க வேண்டிய நாள் வருகிற வியாழக்கிழமை. அவர்கள் ஐம்பத்தெட்டில் ஒருவர் சபாநாயகர், இரண்டு பக்கமும் சமமாக நின்றால்தான் அவர் ஓட்டுப் போடலாம், ஆகவே அம்மா இல்லையென்றால் ஐம்பத்தேழுதான். டாக்டர் உனக்குக் குறித்த நாளும் அதுதான். அம்மா கேட்காமல் இல்லை. நம் கூடத்தில், என் எதிரிலேயே கேட்டாள்.

"தலைவரே, அன்னிக்கு என் பொண்ணுக்குப் பிரசவம். ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க."

"ஒரு பிரசவத்துக்காகச் சபையைத் தள்ளிப் போட முடியுமாம்மா?"

"அப்ப பிரசவத்தைத் தள்ளிப் போடச் சொல்றீங்களா?"

தலைவர் நெட்டையரைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு வழியிருக்கிறதா என்று விசாரிப்பது போல இருந்தது.

ஆகவே அம்மாவால் வர இயலாது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் முதலில் கையில் வாங்கியவள், தன் பேரப்பிள்ளையை வாங்க வரமாட்டாள். பதிலாக நான் வருகிறேன். குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று தலையணையை வைத்துக் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். "தலையைப் பிடிங்க. தலைங்க! அது கால்," என்று எனக்குச் சொன்னதைக் கூடத்தில் இருந்த இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். தினமும் பயிற்சி நடக்கிறது. கண்ணாடிக்காரர் நேற்று தலையணையை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. "என் பையன் பிறந்தப்ப நான் பிரசாரத்துல இருந்தேன் சார்," என்றார். "சரிய்யா, இங்க கொடு, உன் முறை முடிஞ்சுது," என்று நெட்டையர் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது தலையைச் சரியாகத்தான் பிடித்தார்.

நீ பயப்படாதே. பயப்படும் வேலையை இங்கே மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம்.

இரு செயலாளர்களும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். தனித்தனியாக எழுத வேண்டுமாம், கூட்டறிக்கையாக வேண்டாமாம். இருவர் மூவராகி எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்ற ஆசியுடன்,

அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். தபாலில் சேர்க்கச் சொல்லிக் கடிதத்தைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்திருந்தேன். புதன்கிழமை காலை அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. "பாப்பா மனசு கஷ்டப்படும்னு போடல சார்," என்றார். கோபித்துக்கொள்ள நேரமில்லை. விடுதியின் சலவை வண்டி வாசலில் வந்து நின்றது, அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அம்மா இறங்கினாள், நேராக உள்ளே போய் உனக்கு எடுத்து வைத்திருந்த பெட்டியை எடுத்தாள்.

"அம்மா, ஜெனரேட்டர் நேத்தே வந்து இறங்கிடுச்சே," என்றார் நெட்டையர். "எங்களுக்குக் கொடுத்த வார்த்தை?"

"உங்களுக்குக் கொடுத்தது போன வாரம். என் பொண்ணுக்குக் கொடுத்தது எட்டு மாசம் முன்னாடி."

நெட்டையர் பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை கூடவே நடந்தார். நானும் வருகிறேன் என்றேன். "அங்க ரெண்டு பேரைப் பார்த்துக்கணும். மூணாவதா உங்களையும் பார்த்துக்க என்னால ஆகாது," என்று அம்மா ஏறிவிட்டாள்.

இன்று வியாழக்கிழமை. பகல் பதினொன்றரை மணிக்கு அரசு ஒரு வாக்கில் கவிழ்ந்தது.