விலாசம் தெரிந்த குமிழி

சந்தில் கால் வைக்க இடமில்லை. பின்னே? உள்ளே, 'குமிழி ஐயா' என்று பேர்பெற்ற வைத்தியர் சீசாவின் வாயருகே குனிந்து, எந்த உறுப்புக்குப் போக வேண்டும் என்று மருந்துக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார். தபால்காரருக்கு விலாசம் தப்பினாலும் மருந்துக் குமிழிக்குத் தப்பாதாம்!

கொழுப்புக் குமிழிக்குள் மருந்தை அடைத்து உடம்புக்குள் அனுப்புவது ஆராய்ச்சிக்கூடத்தில் உண்மையாகவே நடக்கிற வேலை. லைப்போசோம் என்பார்கள். ஐயா அதிலிருந்து எடுத்துக்கொண்டது பெயரை மட்டும். பச்சை மூடிச் சீசா, ஆறாத புண்ணில் புது ரத்தக்குழாய் வளர்க்குமாம். சிவப்பு மூடி, கட்டிக்கு ரத்தக்குழாய் வளரவிடாமல் அதைப் பட்டினி போடுமாம். வாராவாரம் மிச்ச மருந்தைக் கொண்டுவர வேண்டும். குமிழி உயிரோடு இருக்கிறதா என்று பெரிய திரையில் காட்டுவார்.

வரிசையில் ஒரு பஸ் டிரைவரும் அவர் தங்கையும் நின்றார்கள். அண்ணனுக்கு ஈரலில் கட்டி. மறுநாள் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும்.

"ஆஸ்பத்திரி எல்லாம் வேணாம்மா. ஐயா இருக்காரு" என்றார் அண்ணன்.

முறை வந்ததும் தங்கை இரண்டு சீசாக்களை மேசையில் வைத்தாள்.

"சிவப்பு எங்க அண்ணனோடது. பச்சை, கால் புண்ணுக்கு வாங்கின நம்ம தையல்காரரோடது. பாத்துச் சொல்லுங்க ஐயா."

திரை பளிச்சிட்டது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பச்சையைப் பாரு! குழாய் வளர்க்கத் துடிக்குது. சிவப்பு? கட்டியோட கழுத்தைப் பிடிக்கத் தயாரா நிக்குது!"

"ரெண்டும் ஒரே மருந்துதாங்க. அண்ணன் சீசாவுல இருந்ததுல பாதியை, தையல்காரரோட காலிச் சீசாவுல நான்தான் ஊத்தினேன்."

ஐயா ஒரு கணம் விழித்தார். ஒரே கணம்தான், தொழில்காரர் அல்லவா!

"நம்பாதவங்க கை பட்டா குமிழி குழம்பிடும்மா!"

"குழம்பினது உங்க திரையில தெரியலையே?"

பதிலுக்குத் திரைதான் அணைந்தது. பின்னால் நின்ற தையல்காரர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு, "அப்போ இத்தனை நாள் என்னத்தய்யா குடிச்சேன்?" என்று கத்தினார். ஐயா பின்வாசல் வழியாக நடையைக் கட்டினார். தன் வீட்டு விலாசத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

டிரைவர் தங்கையின் கையைப் பிடித்தார்.

"நாளைக்கு நீயும் கூட வா. எனக்குப் பயமா இருக்கு."

"வரேண்ணே."

வாசலில் ஒருவர் இன்னும் நகராமல் நின்றார். "நீல மூடி எதுக்குங்க?" என்று விசாரித்தார். குமிழிக்கு விலாசம் சொல்லி வாங்க வரிசையில் நிற்கிறீர்களே, உங்கள் தலைக்குள்ளேயே மூளை என்று ஒன்று குடியிருக்கிறது. அதன் கதவை எப்போதாவது தட்டிப் பார்த்தீர்களா?