வெள்ளைத் துண்டு வைத்த தாரா

உலகத்து மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தவர் தாரா அண்ணை. கறுப்புத் தாராவையும் வெல்வெட் தாராவையும் இனம்பிரிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை. மற்ற எல்லோரும் மொக்குகள். வாத்தைத் தாரா என்று சொல்லும் ஊரில் பிறந்தும், நான் ஒன்பது வருடம் மொக்காகவே இருந்தேன்.

டென்மார்க்கில், ஓகூஸ் துறைமுகத்தில் ஒரு மீன் குளிரறையில் நாங்கள் இருவரும் பெட்டி அடுக்கினோம். மத்தியானம் பாணைக் கடித்தபடியே அவர் பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

"டேய், ரெண்டும் கறுப்பு. ரெண்டும் கடலுக்குள்ள முக்குளிச்சு மட்டி தின்னுறது. வெல்வெட்டுக்கு மட்டும் செட்டையில ஒரு வெள்ளைத் துண்டு. தண்ணியில இருக்கேக்க அது மறைஞ்சு போகும். பறக்கட்டும் பார், பளிச்செண்டு தெரியும்."

"தெரிஞ்சு எனக்கென்ன அண்ணை?"

"உனக்கு ஒண்டுமில்லை. தாராவுக்கு அது மரியாதை."

எங்களை மேய்த்த டெனிஷ் போர்மனும் தாராப் பைத்தியம். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் பறப்பது எதுவென்று சொல்லிவிடுவார். எங்கள் இருவரைத்தான் இனம்பிரிக்கத் தெரியாது. நான் ஆறடி ஒட்டகம். அண்ணை ஐந்தடி, மீசை, தொந்தி. ஞாயிறு முழுக்க அண்ணையோடு கடற்கரையில் நின்றுவிட்டு, திங்கள் காலை என் தோளில் தட்டுவார்: "நேற்றைய வெல்வெட்டுகள் அருமை, இல்லையா?" நானும் ஓம் என்பேன். போர்மனல்லவா.

அண்ணைக்குத்தான் பொறுக்கவில்லை. பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, தன் கறுப்பு வேலை ஜக்கெட்டின் வலது கையில் தைத்துக்கொண்டு வந்தார்.

"இனி மாறாது. நான் வெல்வெட், நீ வெறும் கறுப்பு."

மாறவேயில்லை. போர்மன் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் காலை வணக்கம் சொன்னார்.

போன மாரியில் வேலை குறைந்தது. எங்களில் ஒருவரை நிறுத்தப் போகிறார்கள் என்று கதை வந்தது. பெட்டியைக் கீழே போடுகிறவன் நான். படிக்கிற பிள்ளைகள் இருக்கிறவனும் நான். பயம் பிடித்தால் எனக்குச் சிரிப்பு வரும். மூன்று நாள் சிரித்தேன். போர்மன் தும்மினாலும் சிரித்தேன். நாலாம் நாள் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன்.

அண்ணை கதவில் தட்டினார். "வெளியில வா, மொக்கு. இந்த ஜக்கெட்டைப் போடு."

"ஏன் அண்ணை?"

"குளிருது எண்டு நினைச்சுக்கொள். உன்ரையைக் கழட்டித் தா."

அவருடையது என் முழங்கையோடு முடிந்தது. என்னுடையது அவருக்கு முழங்கால்வரை தொங்கியது. கண் உள்ள எவனும் விழுந்து சிரித்திருப்பான்.

போர்மன் சாப்பாட்டறைக்கு வந்தார். என் கையிலிருந்த வெள்ளைத் துண்டைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணையிடம், "நீ அலுவலகத்துக்கு வா," என்றார். அங்கே வேலையால் நிறுத்தும் கடிதம் அடிக்க அண்ணையின் பெயரைக் கேட்டாராம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாராம்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"எனக்கு ஞாயிறு மட்டும் போதாதடா, தாரா பாக்க," என்று சொல்லிவிட்டு என் ஜக்கெட்டோடேயே அண்ணை பஸ் ஏறினார்.

திங்கள் காலை போர்மன் என் தோளில் தட்டினார். "நேற்றுக் கடற்கரையில் உன்னைக் காணவில்லையே. மற்றவன்தான் நின்றான்."

இப்போது ஞாயிறுகளில், போர்மன் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு, நானும் அங்கே போகிறேன். கடலில் மிதப்பது எதுவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கறுப்பு ஜக்கெட்டோடு ஆயிரம் பேர் முதுகு காட்டி நின்றாலும், அவரை எனக்குத் தெரியும்.