ஆடு தின்ற பி.எஸ்சி.

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து வந்துவிட்டால், கண்ட இடத்திலெல்லாம் அதை ஒட்டிப் பார்க்கக் கை துடிக்கும். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. பின்னே? எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அதுவும் பி.எஸ்சி. வேதியியல்!

அப்பாவும் அம்மாவும் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியொன்றில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிறவர்கள். கோப்பையின் அடியில் எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். ஒட்டிய கைக்குப் பெயர் கிடையாது. அந்த வித்தையை நாமும் திருப்பிச் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஊரில் வாடகைக் கார்கள் பெருகிக்கொண்டிருந்த நேரம் அது. புதுச்சேரியில் ஒருவர் கார் ஷாம்பு, டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் மூன்றையும் பெயரில்லாத வெறும் பாட்டில்களில் அடைத்துக் கொடுத்தார். சரக்கு அவருடையது, லேபிள் நம்முடையது.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஜங்ஷன் ரோடு ரத்தினம் வாங்கிட்டாருன்னா உன் இஷ்டம். இல்லன்னா திங்கக்கெழமையிலேருந்து எங்ககூட வந்து கைப்பிடி ஒட்டு."

ரத்தினம் அண்ணனிடம்தான் ஊரிலேயே அதிக வாடகைக் கார்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, திட்டக்குடி கல்யாணத்துக்குப் புறப்படும் அவருடைய வெள்ளை அம்பாசிடரை நான் மின்ன வைத்துக் காட்ட வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் லேபிள் அடித்தேன். 'மலர் ஷைன்' என்று சின்னதாக, கீழே 'கு. மலர்க்கொடி, பி.எஸ்சி.' என்று பெரிதாக. (ஷாம்பு என்ற சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.) அம்மா மைதாப் பசை காய்ச்சினாள். பசை கெடாமலிருக்க அதில் ஒரு கை உப்பு போடச் சொன்னது என் வேதியியல் மூளை. ஞாயிறு விடிந்ததும் லேபிள்களை ஒட்டி, பாட்டில்களை வாசலில் காய வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், உப்பு ருசி கண்ட எங்கள் ஆடு வெள்ளச்சி கடைசி லேபிளை மென்றுகொண்டிருந்தது. பாட்டில்கள் எல்லாம் பிறந்தமேனியாக நின்றன. அதன் வாயோரத்தில் 'பி.எஸ்' மட்டும் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அதுவும் உள்ளே போயிற்று.

"அய்யய்யோ, எம் பொண்ணு படிப்பத் தின்னுடுச்சே!" என்று அலறிய அம்மா, பாட்டிலையாவது காப்பாற்றலாம் என்று அத்தனையையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டாள். மூன்று சரக்கும் பால் நிறம், பாட்டிலும் ஒரே அச்சு. எது எதுவென்று இனி ஆட்டைத்தான் கேட்க வேண்டும்.

நானும் அம்மாவும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது, கார் ஸ்டாண்டில் ரத்தினம் அண்ணன் பட்டு வேட்டியோடு நின்றிருந்தார். "என்னாம்மா, பாட்டில்ல பேரே காணோம்?"

"ஆடு தின்னுடுச்சுங்க," என்று அம்மா போட்டு உடைத்தாள். சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கைக்கு வந்த பாட்டிலை எடுத்து, "இதாண்ணே ஷாம்பு," என்று வாளியில் கவிழ்த்து, வெளியே, உள்ளே, சீட்டு என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன்.

"நுரையே வரலியேம்மா?"

"இது நுரை வராத ஷாம்புண்ணே. புது டெக்னாலஜி."

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பிழை. இந்தக் கதவில் ஏறியவர் ரெக்சின் சீட்டில் அப்படியே வழுக்கிக்கொண்டு போய் அந்தக் கதவில் முட்டி நின்றார். (அது மட்டும் திறந்திருந்தால் வேப்பூர் வரை போயிருப்பார்.) நான் தேய்த்தது டயர் பாலிஷ்!

"ஏ பொண்ணே, என்னாத்தத் தடவி வெச்சிருக்க? மாப்பிள்ள ஏறுற வண்டி இது!"

கைப்பிடி ஒட்டும் பலகை என் கண்முன் வந்து நின்றது. கூடவே இன்னொன்றும் உறைத்தது: ஆடு தின்றது எழுத்தைத்தான், படிப்பு என்னிடம்தான் இருக்கிறது. டீக்கடையில் தம்ளர்கள் வாங்கி, பாட்டிலுக்கு ஒன்றாகச் சொட்டு விட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். ஒன்று பொங்கி வழிந்தது. "இது!" என்று கத்தினேன். அதைக் கொண்டு வண்டி முழுவதையும் கழுவி, சீட்டைக் காயத் துடைத்து, மீதியில் பிசுபிசுத்ததை டயருக்கும் மற்றதை டேஷ்போர்டுக்கும் போட்டேன்.

அண்ணன் பரீட்சை எழுத வந்தவர் போல மெல்ல உட்கார்ந்தார். வழுக்கவில்லை. மணியைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அதே அம்பாசிடர் எங்கள் வாசலில் வந்து நின்றது. "மாப்பிள்ளய வுட்டுட்டு வண்டியத்தாம்மா எல்லாரும் பாத்தாங்க. வேப்பூர்ல சர்வீஸ் ஸ்டேஷன் வெச்சிருக்கவரு, என்னா ஷாம்புன்னு கேட்டாரு. ஒம் பேரு வாயில வரல, ஆடு ஷாம்புன்னுட்டேன். அவருக்கும் வேணுமாம், எனக்கும் எல்லா வண்டிக்கும் குடுத்துடு."

திங்கட்கிழமை அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் கைப்பிடி ஒட்டப் போனார்கள். 'மலர் ஷைன்' என்று கேட்டு ஒருவரும் வரவில்லை, "ஆடு மார்க் இருக்குதா?" என்றுதான் வந்தார்கள். அடுத்த முறை ஸ்டிக்கரே அடித்துவிட்டேன். மேலே வெள்ளச்சியின் படம் பெரிதாக. அதன் காலடியில் என் பெயரும் பட்டமும் பொடி எழுத்தில். அம்மா இப்போது கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவதில்லை. மகள் பெயரைத்தான் ஒட்டுகிறாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இன்றும் சொல்வார்: "எங்க வூட்டுல படிச்சவங்க ரெண்டு பேருங்க. இது மூணு வருஷம் படிச்சிது. கொட்டாயில கட்டியிருக்குது பாருங்க, அது ஒரே காலையில முடிச்சிடுச்சு."